ரொட்டிக்கடை வரைக்கும்

கஸ்னாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று அரபு நாட்டுச் சர்க்கா நகரத்துக் கிழக்கோரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழைய இரும்பு ஏற்றிவரும் வண்டியைப் போலீஸ் மறித்தால், புருஷன் ஃபவ்வாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். இறங்கிப் பேசுகிறவள் கஸ்னா. தண்ணீர் லாரிக்காரன் தொட்டியை முக்கால்வாசி நிரப்பிவிட்டுக் குழாயைச் சுருட்டினால், அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்து மிச்சத் தண்ணீரை வாங்காமல் விடமாட்டாள். தாடையில் மூன்று பச்சைக்குத்துப் புள்ளி, சிரித்தால் பளிச்சென்று ஒரு தங்கப் பல், தெருமுனை வரை கேட்கிற குரல். அப்பேர்ப்பட்டவள், மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு முன்னால் இருக்கும் ரொட்டிக்கடையைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கமாட்டாள்.

அங்கேயே நின்றுவிடுவாள். ரொட்டி வாங்குகிற சாக்கில், மகள் ரகத்தின் சீருடை மூலை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். மதியம் பள்ளி விடும்போது மறுபடி அதே இடம். ரகத் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கூட்டிப்போக வேண்டிய வயதெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கஸ்னா வருவாள். கடைக்கார அபூ ஹாதிம் எல்லாம் தெரிந்தவர், எதுவும் தெரியாதவர் போல மாவு பிசைந்துகொண்டிருப்பார்.

இந்த எல்லை உண்டானது ரகத் இரண்டாம் வகுப்பில் படித்தபோது. எண்ணெயும் ஸஅத்தர் மூலிகைப் பொடியும் தடவிய ரொட்டியைப் பிள்ளை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று கஸ்னா எடுத்துக்கொண்டு ஓடினாள். கேட் அருகே நின்று கூப்பிட்டாள். ரகத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண், "ஏய், அங்க ஒரு நவரி பொம்பள உன்னக் கூப்பிடுறா பாரு. உங்கம்மாவா?" என்றாள். கஸ்னாவின் ஆட்களான டோம் என்ற நாடோடி ஜனங்களுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் நவர். அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கப்போவதில்லை. அந்த மாதிரிச் சொல் நம் ஊரிலும் இருக்கிறது, யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றும் நமக்கு நன்றாகத் தெரியும்.

"எனக்குத் தெரியாது. யாரோ," என்றாள் ரகத்.

கஸ்னா ரொட்டியைச் சுவர்மேல் வைத்தாள். வழி தவறி வந்தவள் போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வீட்டில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, மகளும் பேசவில்லை. வலிக்கவில்லையா என்றால், வலித்தது. ஆனால் பிள்ளைமேல் கோபம் வரவில்லை. ஏழு வயதுக் குழந்தை வகுப்பில் தங்கியிருப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது, இனி நாம் குறுக்கே போய் நிற்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தாள்.

அன்றுமுதல் பள்ளியைப் பொறுத்தவரை அவர்கள், ஊர் முகம் சுளிக்காத துருக்மான் இனத்துக் குடும்பம். ரகத்தின் அப்பா வியாபாரம் செய்கிறார். அவர் வியாபாரத்துக்கு ஓர் ஒலிபெருக்கி உண்டு. "பழைய ஃப்ரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின், இரும்பு, செம்பு, எதுவானாலும் எடுப்போம்" என்று ஃபவ்வாஸின் சொந்தக் குரலே பதிவாகி நாள் முழுக்கக் கத்தும். கஸ்னா காரணம் சொல்லாமல் கேட்டுக்கொண்டபடி, ரொட்டிக்கடை வந்ததும் அதை அணைத்துவிட்டு அடுத்த தெருவழியாகச் சுற்றிப் போவான். பள்ளிக்கூடத் தெருவில் மட்டும் பழைய இரும்பு அப்படியே துருப்பிடித்துக் கிடந்தது.

கஸ்னா மூன்றாம் வகுப்போடு நின்றவள். குளிர் வந்தால் குடும்பமே மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கித் தக்காளி பறிக்கப் போகும்; திரும்பி வரும்போது அவள் பெஞ்சில் வேறு பெண் உட்கார்ந்திருப்பாள். ரகத் பிறந்த வருஷத்திலிருந்து கஸ்னா பள்ளத்தாக்குக்குப் போவதை நிறுத்திவிட்டாள். டோம் குடியிருப்பில் மற்றப் பிள்ளைகள் நான்கு, ஐந்தாம் வகுப்புகளோடு ஒவ்வொன்றாக வீட்டில் உட்கார்ந்தபோது, "எங்க ஆளுங்களுக்குப் படிப்புல அக்கறை கிடையாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்துக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். தான் ஒருத்திதான் விதிவிலக்கு என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஹனீன் வந்தாள். டோம் பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்று ஆராய்ச்சி. கஸ்னா வாசலிலேயே மறித்தாள்.

"எத்தன பேரு வந்துட்டாங்க தெரியுமா டாக்டர்? படம் எடுத்தாங்க, தலைய எண்ணினாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. நாங்க என்ன சந்தையில நிக்கிற ஆடா, வர்றவன் போறவனெல்லாம் பல்லப் பிடிச்சுப் பாக்க?"

ஹனீன் சிரித்துவிட்டாள். அந்த ஊர் வழக்கப்படி, ரகத்தின் அம்மா என்ற அர்த்தத்தில் உம் ரகத் என்றே அவளைக் கூப்பிட்டாள். "அதனாலதான் நான் கேள்வி கேக்கப் போறதில்ல, உம் ரகத். நீங்க கேக்கணும். என்ன கேக்கணும், யார்கிட்ட கேக்கணும், கிடைச்சத என்ன பண்ணணும், எல்லாம் நீங்க அஞ்சாறு பேரு சேந்து முடிவு பண்றது. நான் கூட உக்காந்திருப்பேன்."

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? அக்கறை இல்ல. எழுதிக்கங்க, ஆராய்ச்சி முடிஞ்சுது."

"எழுதிக்கிறேன். எதுக்கும் ஒரு தடவ கேட்டுப் பாத்திடலாமே?"

கஸ்னாவும் நான்கு பெண்களும் சேர்ந்தார்கள். குடியிருப்பின் கல்யாண மண்டபம் மாதிரியான ஒரு தகரக் கொட்டகையில் வாரம் இரண்டு நாள் கூடிப் பேசினார்கள். விதிகளை அவர்களே வைத்தார்கள். யார் பெயரையும் வெளியே சொல்வதில்லை. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இந்த இரண்டாவது விதிக்கு, வம்பு பேசாமல் எப்படி உயிர் வாழ்வது என்று கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. கஸ்னாதான் அதட்டி அடக்கினாள்.

முதல் பேட்டிக்கு அவள் போனது உம் தலால் வீட்டுக்கு. உம் தலால் வேறு யாருமில்லை, கஸ்னாவின் அப்பாவோடு கூடப் பிறந்தவள். அவள் புருஷன் ஊர் ஊராகப் போய்ப் பல் கட்டுகிறவர். கஸ்னாவின் தங்கப் பல்லே அவர் கட்டியதுதான். அத்தையும் மருமகளும் டோம் பேச்சில் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினார்கள். கஸ்னா, ஹனீன் கொடுத்த பதிவுக் கருவியை எடுத்துவைத்து அதன் சிவப்பு விளக்கு எரிந்ததுதான் தாமதம், அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, சுத்தமான அரபியில் ஆரம்பித்தாள்.

"நாங்க துருக்மான் ஜனங்க."

"அத்தை! நான்தான் கேக்கிறேன், கஸ்னா!"

"யாரா இருந்தா என்ன? நாங்க துருக்மான்."

"என் வாயில இருக்கிற பல்லு உங்க வீட்ல கட்டினது அத்தை!"

"அது துருக்மான் பல்லு," என்றாள் உம் தலால், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல்.

பேரன் ஏன் பள்ளியை விட்டான் என்று கேட்டால், அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்றாள். அடுத்த வீட்டிலும் துருக்மான், அங்கேயும் படிப்பு ஏறவில்லை. அதற்கடுத்த வீட்டில், கஸ்னாவோடு ஒரே கூடாரத்தில் வளர்ந்த தோழி, தான் ஈராக்கிலிருந்து வந்த அரபு குலம் என்று பூட்டனார் பெயரோடு சொன்னாள். உலகத்தில் வேறு எந்த ஜனங்களும் சொந்தக்காரியிடமே நான் உன் ஆள் இல்லை என்று சத்தியம் செய்யமாட்டார்கள். பொய் சொல்லிச் சொல்லி அது மூச்சுவிடுவது மாதிரி ஆகிவிட்டது. விளக்கு எரிந்தால் வாய் தானாகச் சொல்கிறது.

கஸ்னா கருவியைக் கொட்டகை மேஜைமேல் போட்டாள். "சொன்னேன்ல டாக்டர்? இந்த ஜனங்கள வச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"உங்க வீட்டுக்கு வேற ஒருத்தி வந்து இத வச்சிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள் ஹனீன்.

கஸ்னாவும் துருக்மான் என்றுதான் சொல்லியிருப்பாள். அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் கருவி இல்லாமல் அத்தை வீட்டுக்குப் போனாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, இதுவரை புருஷனிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். கேட்டையும், சுவர்மேல் வைத்த ரொட்டியையும், "எனக்குத் தெரியாது, யாரோ" என்ற சின்னக் குரலையும், அன்றுமுதல் ரொட்டிக்கடையோடு நின்றுவிடுவதையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அத்தை ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள்.

"ரொட்டிக்கடையா?" என்றாள் உம் தலால். "கொடுத்துவச்சவடி நீ. மழைக்கு ஒதுங்கக் கூரையாவது இருக்கு. நான் மசூதிக் குழாய்கிட்டல்ல நின்னேன்! கால் கழுவ வர்றவனெல்லாம் என்ன ஏதுன்னு பாப்பான். பேரன் மூலை திரும்புற வரைக்கும் நானும் தொழுகைக்கு ஒளூ பண்ற மாதிரியே கைய நனைச்சுக்கிட்டு நிப்பேன். குளிர்காலத்துல விரலெல்லாம் வெடிச்சுப் போச்சு."

கஸ்னா டம்ளரைக் கீழே வைத்தாள். "எத்தன நாள் அத்தை?"

"நாளா? அவன் நிக்கிற வரைக்கும். ஒரு நாள் மயக்கம் போட்டு விழுந்துட்டான்னு சொன்னாங்க, பதறிப்போய் உள்ள ஓடிட்டேன். இந்தப் பச்சைக்குத்தோட, இந்தப் பாவாடையோட. அடுத்த வாரம் அவன் பக்கத்துல யாரும் உக்காரல. அதுக்கடுத்த வாரம், படிப்பு ஏறலன்னு வந்து படுத்துக்கிட்டான்."

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி என்னவென்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏன் நின்றான் என்று கேட்பதை ஐந்து பெண்களும் விட்டுவிட்டார்கள். "பிள்ளைய விடப் போனப்போ நீ எங்க நின்ன?" என்று மட்டும் கேட்டார்கள். எல்லாருக்கும் ஓர் இடம் இருந்தது. ஒருத்திக்கு மருந்துக்கடை. ஒருத்திக்கு பஸ் நிறுத்தம். வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். ஒருத்தி காலி மனையில் ஆடு தேடுவாள், அவளிடம் ஆடே கிடையாது. கூடாரத்துத் தோழி, ஈராக் பூட்டனாரைச் சொன்னவள், பள்ளிக்கு எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே குந்தியிருந்தாளாம். ஒரு நாள் எல்லாரும் கொட்டகையில் கூடியபோது, டீத் தட்டின் நடுவே சர்க்கரைக் கிண்ணத்தைப் பள்ளிக்கூடமாக வைத்து, அதைச் சுற்றி அவரவர் டீ டம்ளரை நின்ற இடத்தில் வைத்தார்கள். தட்டு நிறைந்துவிட்டது.

கஸ்னா அதைப் பார்த்து அழுதாள். இத்தனை காலம் தான் மட்டும் தனியாக நிற்பதாக நினைத்திருந்தாள். அக்கறை இல்லாத ஜனங்கள் என்று இவர்களைத்தான் ஏசியிருந்தாள். வெட்கமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. எது எது என்று பிரிக்க அவளால் முடியவில்லை.

பள்ளிக்கூடங்கள் சொன்ன காரணம் இப்போது தலைகீழாக நின்றது. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாக்கள் வருவதில்லை, அதனால் அக்கறை இல்லை என்றார்கள். அம்மாக்கள் வராததே அக்கறையால்தான். வந்தால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும், தெரிந்தால் பிள்ளை அங்கே தங்காது. இதை நேரில் போய்ச் சொல்வது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். கல்வி அலுவலகத்துக்காரர்களும், வட்டாரத்துப் பள்ளிகளின் ஆசிரியைகளும் வந்து கேட்க ஒத்துக்கொண்டார்கள். பெரிய கூடம் உள்ள பள்ளி அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அது ரகத் படிக்கிற பள்ளி.

"வேற இடமே கிடைக்கலயா டாக்டர்?" கஸ்னாவின் குரல் போனில் சின்னதாகிவிட்டது.

"கேட்டுப் பாத்தேன், முடியல. நீங்க வராட்டி யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம். உங்க பங்க நான் படிச்சிடுறேன்."

"நீங்க படிச்சா, பாத்தீங்களா இதுக்குக்கூட அவங்க வரலன்னு சொல்லுவாங்க."

கஸ்னா போனை வைத்துவிட்டு யோசித்தாள். போனால், மகளின் படிப்பு போகலாம். போகாவிட்டால், தட்டு நிறைய வைத்த டம்ளர்களுக்கு மதிப்பில்லை. இதில் முடிவெடுக்க வேண்டியவள் தான் மட்டுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பணயம் வைக்கப்படுவது அவள் பெயர் இல்லையே.

அன்று பிற்பகல் அம்மாவும் மகளும் முலூகிய்யாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கஸ்னா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

ரகத் கையிலிருந்த கீரையைத் தட்டில் எறிந்தாள். "நீ வந்தா நான் நின்னுடுவேன். சத்தியமா நின்னுடுவேன்."

"சரி யும்மா, கத்தாத." அங்கே தாயும் மகளை யும்மா என்றுதான் கூப்பிடுவாள், நம் வீடுகளில் பெண்ணை அம்மா என்று கூப்பிடுவதைப் போல.

"என்ன சரி? இத்தன வருஷம் வரல. இப்ப வந்து மைக் பிடிச்சுப் பேசப் போறியாக்கும்! பரிசு நாள் அன்னிக்கு வந்தியா? ஆறாம் வகுப்புல நான் முதல் மார்க் வாங்கினேன். ஒவ்வொருத்தி மேடைக்கு ஏறும்போதும் அவ அம்மா குலவை போட்டா. எனக்கு மட்டும் யாரும் போடல. மேடையில என் செருப்பு சத்தம் எனக்கே கேட்டுச்சு."

"நான் வந்திருந்தேன்."

"பொய் சொல்லாத."

"அன்னிக்கு மட்டும் ரொட்டிக்கடையத் தாண்டி வந்து சுவருக்கு வெளிய நின்னேன். பின்பக்கம், ஜெனரேட்டர் இருக்கே, அங்க. ஒலிபெருக்கில உன் பேரக் கேட்டேன். ரகத் ஃபவ்வாஸ்னு முழுசாச் சொன்னாங்க."

ரகத் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ஏன் குலவை போடல?"

"முக்காட்டச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டேன்டி. நம்ம குலவை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். சர்க்காவில் யாருக்குத்தான் தெரியாது? அடியில் மெல்ல எழும்பி, நடுவில் இரண்டு முறை உடைந்து, உச்சியில் சட்டென்று வெட்டி நிற்கும் குலவை டோம் பெண்களுடையது. ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு அவர்களைக் காசு கொடுத்துக் கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள்; போட்டு முடித்ததும் சாப்பாட்டைத் தனியாகக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நவர் குலவை போடாத கல்யாணம் கல்யாணமே இல்லை, நவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரவும் மாட்டார்கள். அந்தக் குலவையைச் சுவருக்கு வெளியே போட்டிருந்தால் ஒட்டுமொத்தப் பள்ளியும் ரகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கும்.

இருவரும் கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்தார்கள். பிறகு ரகத் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"யும்மா, ரெண்டாம் வகுப்புல ஒரு நாள் ரொட்டி கொண்டுவந்த, ஞாபகம் இருக்கா? கேட் பக்கத்துல?"

"எந்த நாள்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"வயசாயிடுச்சு யும்மா, எல்லாம் மறந்துபோச்சு. காம்ப விட்டுட்டு இலைய மட்டும் கிள்ளு."

கஸ்னா தன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அதுதான் மோசமானது. நம்புகிற மாதிரிகூட இல்லை. ரகத் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போ," என்றாள் கடைசியில். "ஆனா எங்க வகுப்புதான் அன்னிக்கு எல்லாருக்கும் காபி குடுக்கணும். நீ என்னப் பாக்கக் கூடாது. தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது."

"அவ்வளவுதானே? அது எனக்குப் பழகினதுதான்."

அன்றைக்கு என்ன உடுத்துவது என்று குடியிருப்பே ஆலோசனை சொன்னது. நகரத்துக்காரிகளைப் போலக் கறுப்பு அங்கியில் போ, பல் தெரியாமல் பேசு என்றார்கள். கஸ்னா கல்யாணங்களுக்குப் போடும் பச்சை உடையைப் போட்டுக்கொண்டு, தங்கப் பல்லைச் சாம்பல் தொட்டுத் துலக்கினாள். அழைக்காமலே உம் தலாலும் கூட வந்தாள். "துருக்மான் பல்லப் பாத்துக்க ஒரு ஆள் வேண்டாமா?" என்றாள். ஃபவ்வாஸ் எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வழக்கம்போல ஒலிபெருக்கியை அணைத்து, ரொட்டிக்கடை வாசலில் இறக்கிவிட்டான்.

அங்கே வந்ததும் கஸ்னாவின் கால் தானாக நின்றது. அபூ ஹாதிம் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன உம் ரகத், ரொட்டி வேணுமா?"

"இன்னிக்கு வேணாம். உள்ள போறேன்."

"போ தாயி. இன்னும் ரெண்டே தெருதான், ஒண்ணும் கடிச்சுத் தின்னுடமாட்டாங்க," என்றார் அவர். மாவுக் கையோடு வெளியே வந்து, அவர்கள் மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைமை ஆசிரியை சித் இஃப்திகார் கெட்டவள் இல்லை; சித் என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது, நம் மேடம் மாதிரி. வசதி இல்லாத பிள்ளைகளுக்குக் கைக்காசு போட்டு ஷூ வாங்கிக் கொடுக்கிறவள். அதனால்தான் அவளிடம் பேசுவது கஷ்டம். கெட்டவள் என்றால் கஸ்னா ஒரு கை பார்த்திருப்பாள். ஹனீன் நான்கு வார்த்தை சொல்லி உட்கார்ந்ததும், கஸ்னா எழுந்தாள். மைக்கைத் தள்ளிவைத்தாள், அவள் தொண்டைக்கு அது எதற்கு? மேஜைமேலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தை நடுவில் வைத்தாள்.

"இது பள்ளிக்கூடம்," என்றாள். காலிக் காபிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "இது மசூதிக் குழாய். இங்க ஒருத்தி நிக்கிறா. இது மருந்துக்கடை. இது ஆடு மேயுற காலி மனை, ஆடு கிடையாது. இது ரொட்டிக்கடை. நாங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றதில்லன்னு சொல்றீங்க. தினமும் வர்றோம். இவ்வளவு தூரம்தான் வர்றோம். ஏன்னா நாங்க இன்னும் நாலு அடி வச்சா, எங்க பிள்ளைங்க வெளிய வந்துடுவாங்க."

கூடத்திலிருந்த பெண்கள் சிலர் முன்னால் சாய்ந்து கோப்பைகளைப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் காபித் தட்டோடு வரிசைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்கள். கஸ்னா அவர்கள் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

சித் இஃப்திகார் மென்மையாகத்தான் பேசினாள். "உங்க வருத்தம் புரியுது, தங்கச்சி. நீங்க வந்ததே பெரிய விஷயம். ஆனா எங்க பள்ளியில இந்தப் பிரச்சினையே கிடையாது. உங்க பிள்ளைங்க யாரும் இங்க இல்லையே. இருந்தா எனக்குத் தெரியாதா?"

"பாத்தாலே தெரிஞ்சிடும் மிஸ்," என்றாள் பக்கத்தில் ஓர் ஆசிரியை. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

கஸ்னாவின் நாக்கு நுனியில் ஒரு பெயர் வந்து நின்றது. அதைச் சொன்னால் போதும், இந்தக் கூடமே வாயடைத்துப் போகும். போலீஸ்காரனை, லாரிக்காரனை மடக்கிய நாக்கு அது. கீரை ஆயும்போது கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு அதை விழுங்கினாள்.

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். பேர் சொல்றதில்லன்னு நாங்க விதி வச்சிருக்கோம்."

"அப்படின்னா, இந்த ரொட்டிக்கடை எங்க தெருப் பக்கத்துது இல்ல," என்று சித் இஃப்திகார் புன்னகையோடு அந்த ஒரு கோப்பையை எடுத்து மேஜை ஓரத்தில் தள்ளிவைத்தாள். "எங்களப் பொறுத்தவரை இத எடுத்துடலாம், இல்லையா?"

ஹனீன் ஏதோ சொல்ல எழுந்தாள். அதற்குள் யாரோ காபித் தட்டை மேஜைமேல் டக்கென்று வைத்த சத்தம் கேட்டது. கஸ்னா அப்போதும் தலையைத் திருப்பவில்லை; பச்சைக்குத்துப் புள்ளிகள் தெரியத் தாடையை இறுக்கிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

ரகத் மேஜை ஓரத்துக் கோப்பையை எடுத்தாள். அதைப் பழைய இடத்தில் வைக்கவில்லை. சர்க்கரைக் கிண்ணத்துக்கு ஒட்டி, இரண்டும் இடிக்கிற மாதிரி வைத்தாள்.

"இது எங்கம்மா கோப்பை, மிஸ்."

"ரகத்? நீ என்ன சொல்ற? யார் உங்கம்மா?"

"இவங்கதான். ரெண்டாம் வகுப்புல ஒருத்தி கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னேன். எனக்கு இவங்களத் தெரியும்." ஒவ்வொரு சொல்லும் பின்வரிசைவரை போனது. "அம்மாவுக்கும் அது ஞாபகம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்றாங்க."

வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண்ணையும் பச்சை உடைக்காரியையும் சித் இஃப்திகார் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே தாடை, ஒரே மூக்கு. இத்தனை வருஷம் கண்முன்னால் இருந்தது. அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஓர் ஆசிரியை தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காபித் தட்டோடு நின்ற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள், இன்னொருத்தி மெல்ல நகர்ந்து வந்து ரகத்துக்குப் பக்கத்தில் நின்றாள். நாளைக்கு என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது, ரகத்துக்கும் தெரியாது.

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "யும்மா, சுவருக்கு வெளிய ஒண்ணு முழுங்கினியே."

"ஆமா."

"அத இப்பப் போடு."

கஸ்னா முக்காட்டைத் தோளில் தள்ளினாள். அடியிலிருந்து மெல்ல எடுத்தாள். நடுவில் ஒரு முறை உடைத்தாள், இரண்டாம் முறை உடைத்தாள், உச்சியில் கொண்டுபோய் வெட்டி நிறுத்தினாள். கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பின்வரிசையிலிருந்து உம் தலால் எழுந்து தன் பங்குக்கு ஒன்று போட்டாள், துருக்மான்கள் யாருக்கும் வராத குலவை. மற்ற நால்வரும் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு தெரு தள்ளி, ரொட்டிக்கடை வாசலில் வண்டிக்குள் சாய்ந்திருந்த ஃபவ்வாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் குலவை யாருடையது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நம்பமுடியாமல் அபூ ஹாதிமைப் பார்த்தான். அபூ ஹாதிம் தலையை ஆட்டி, தெருவைக் கைகாட்டினார். ஃபவ்வாஸ் ஒலிபெருக்கியின் பொத்தானை அமுக்கி, வண்டியைக் கிளப்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத் தெருவுக்குள் திருப்பினான்.

கூடத்தில் குலவை அடங்கிய நேரத்தில், ஜன்னலுக்கு நேர்கீழே வந்து நின்று அந்தக் குரல் கத்தியது: "பழைய ஃப்ரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின், இரும்பு, செம்பு, எதுவானாலும் எடுப்போம்!"

சித் இஃப்திகார் திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"அது எங்கப்பா, மிஸ்," என்றாள் ரகத்.